தன்னையே முழுங்குன சாக்கு

"கையெழுத்தப் போடு, கெளம்பு. சும்மா என் வாயக் கிளறாத."

ஜெகதீசன் பேப்பரத் தள்ளுன வேகத்துல டீ டம்ளர் சாஞ்சு மேஜை பூரா ஓடுச்சு. தொடைக்க ஒருத்தரும் வரல. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னாடி இருக்கற அந்த பார்சல் ஆபீஸ்ல ஓனர் கத்த ஆரம்பிச்சா, வேலை பாக்கறவங்க எல்லாம் சொவத்துல மாட்டுன காலண்டர் மாதிரி ஆயிடுவாங்க.

அஸ்வினி பேனாவத் தொடல. "கைக்கு வராத கவர வந்துச்சுன்னு எப்படி சார் எழுதித் தருவேன்?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல? கவர் போட்ட சாக்கு திண்டிவனம் போய் சேந்துச்சுன்னு? திண்டிவனம் யாரு ஊரு? உன் ஊரு. அப்பறம் இன்னா?"

கதவோரமா நின்னுக்கினு இருந்த தென்னரசு வாயத் தொறக்கப் போனான். பக்கத்துல பிரபாவதி அவன் கால மிதிச்சா. நல்லா மிதிச்சா.

பிரபாவதி துப்பு பாக்கறவ. மொபைல் கடை மாடியில ஒரு ரூம்பு, ஒரு ஃபேன், வெளிய போர்டு. தென்னரசு அவளோட அசிஸ்டென்ட். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அரியர் இன்னும் பாக்கி, வாய்க்கு மட்டும் டிஸ்டிங்ஷன். ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வந்தது அஸ்வினிதான்.

அவ பிரச்சன இதான். இந்த கம்பெனியில சாஃப்ட்வேர் எழுதற வேலைக்கு சேந்தப்ப, ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் ஜெகதீசன் வாங்கி வச்சுக்கினாரு. இப்ப அவளுக்கு கவர்மென்ட் வேலை கெடைச்சிருக்கு. நாளைக்கு காலையில மெட்ராஸ்ல சர்ட்டிபிகேட் வெரிபிகேஷன். ஒரிஜினல் இல்லாம போய் நின்னா பேரத் தூக்கிடுவாங்க. வேலைய விட்டுட்டேன், குடுங்கன்னு கேட்டதுக்கு, "நம்ம பார்சல்லயே உன் ஊருக்கு அனுப்பிட்டேன், அங்க வாங்கிக்க"ன்னுட்டாரு. திண்டிவனத்துல போய் கேட்டா, அப்படி ஒரு கவரே வரலன்னு தொரத்திட்டானுங்க.

"கவரு பாக்க எப்படிம்மா இருக்கும்?" பிரபாவதி கேட்டா.

"உள்ள இருக்கறதுதான் பெருசு மேடம். எல்லாமே லேமினேட் பண்ணது. எங்கப்பா பாசத்துல பத்தாவது மார்க்‌ஷீட்லேந்து டிகிரி வரைக்கும் லேமினேட் போட்டு வச்சுட்டாரு."

"வெரிபிகேஷன்ல திட்டுவாங்களே," தென்னரசு சொன்னான். "ஆனா அதுல சோறு போட்டு சாப்பிடலாம், கழுவி மாட்டிக்கலாம்."

"யார்ரா இவன்?" ஜெகதீசன் எகிறினாரு.

"கம்ப்யூட்டர் படிச்சவன்," பிரபாவதி சொன்னா. "உங்க கம்ப்யூட்டர் இன்னா சொல்லுதுன்னு அவன் ஒருவாட்டி பாக்கட்டும். தப்பில்லையே?"

"பாரு. நல்லா பாரு. பாத்துட்டு இவகிட்டயே கேளு, ஏன் அப்படி ஆச்சுன்னு!"

அஸ்வினி தேடற ப்ரோக்ராம ஓட்டிக் காட்டுனா. கவரோட நம்பரப் போட்டு தட்டுனதும் ஒரு செகண்டு யோசிச்சுது. அப்பறம் ஸ்கிரீன் பூரா ஒரே வரி, ஒரே வரி, ஒரே வரியா ஓடி, அடியில செவப்பு எழுத்துல நின்னு போச்சு. ரிகர்ஷன் லிமிட் தாண்டிடுச்சாம்.

"இதுவரைக்கும் இப்படி ஆனதே இல்ல," அஸ்வினி சொன்னா.

"ஆனதில்ல, ஆக்கிட்ட!" ஜெகதீசன் மேஜையத் தட்டுனாரு. "எழுதுனவ நீ. ஒடைச்சவளும் நீ. போற போக்குல என் கம்பெனியவே நாசம் பண்ணிட்டு போறியா?"

தென்னரசு ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தான். ப்ரோக்ராமப் படிச்சான். கொஞ்ச நேரத்துல அவன் மொகத்துல கிண்டல் போயிடுச்சு. பொண்ணு எழுதுனது அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. பார்சல எல்லாம் நம்பர் போட்ட சாக்குங்கள்ல அடைச்சுதான் அனுப்புவாங்க, ப்ரோக்ராம் ஒவ்வொரு சாக்கா தொறந்து தேடும். அவன் ரெண்டு வரி மட்டும் சேத்தான். ஒருவாட்டி தொறந்த சாக்க ஞாபகம் வச்சுக்க, அதே சாக்கு திரும்ப வந்தா உள்ள போகாம அது நம்பரச் சொல்லு. திரும்ப ஓட்டுனான்.

இந்தவாட்டி சாக்கு நம்பர் வந்துச்சு.

"யக்கா!" தென்னரசு துள்ளிக் குதிச்சான். "இந்த சாக்குக்குள்ள இன்னா இருக்கு தெரியுமா? அந்த சாக்கேதான் இருக்கு!"

"ஒளறாத."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது. கவர் இந்த சாக்குல ஏறியிருக்கு. சாக்கு திண்டிவனத்துல எறங்கியிருக்கு. எறங்குனப்ப உள்ள இருந்த சாமான் லிஸ்ட்ல இதே சாக்கோட நம்பரும் இருக்கு. நெஜத்துல ஒரு சாக்கு தனக்குள்ள தானே போவுமா? போவாது. அப்ப எவனோ கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து கையால தட்டியிருக்கான்!"

ஜெகதீசன் மெதுவா சிரிச்சாரு.

"தம்பி கரெக்டா சொல்றாரு. கையால தட்டணும்னா பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டு இந்த கம்பெனியில யாருகிட்ட இருக்கு?" வெரல அஸ்வினி மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. "இவ ஒருத்திகிட்ட. சாயந்தரம் வரைக்கும் டைம். கையெழுத்து போடலன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட். அப்பறம் கவர்மென்ட் வேலை இல்ல, கம்பி எண்ணற வேலைதான்."

அஸ்வினி தென்னரசப் பாத்த பார்வையில அவன் ஒடம்பு கூசிப் போச்சு. உதவிக்கு வந்தவன், கழுத்துல கயித்த மாட்டிட்டான்.

*

"உன்ன யாருடா தீர்ப்பு சொல்லச் சொன்னது?"

திண்டிவனம் பஸ்ஸு விக்கிரவாண்டி டோல்ல நிக்கற வரைக்கும் பிரபாவதி இதையேதான் மாத்தி மாத்தி கேட்டுக்கினு வந்தா.

"நான் உண்மையச் சொன்னேன் யக்கா."

"உண்ம இல்ல. உனக்குத் தோணுனது. கம்ப்யூட்டர் சொன்னது ஒண்ணு, நீ கட்டுன கதை ஒண்ணு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்ன. அவன் வசதியா பின்னாடி இருக்கறத மட்டும் புடிச்சுக்கினான். சரி சொல்லு, அந்த ப்ரோக்ராம் எப்படித்தான் தேடுது? எனக்குப் புரியற மாதிரி."

"சாக்குல பார்சலும் இருக்கும், சின்ன சாக்கும் இருக்கும். சின்ன சாக்குக்குள்ள இன்னும் சின்னது. எத்தன அடுக்குன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது. அதனால அந்த பொண்ணு ஒரே ஒரு வேலையத்தான் எழுதியிருக்கா. சாக்கத் தொற. உள்ள ஒவ்வொண்ணா எடு. பார்சலா, தேடறது அதுவான்னு பாரு. சாக்கா, அதுக்கும் இதே வேலைய மொதல்லேந்து செய். முடிச்சுட்டு விட்ட எடத்துக்கு வந்து மிச்சத்தப் பாரு. அவ்ளோதான். வேலை தன்னையே கூப்புட்டுக்கும். இதான் ரிகர்ஷன்."

"எங்க நிக்கும்?"

"உள்ள சாக்கே இல்லாத எடத்துல நிக்கும். நிக்க ஒரு எடம் இருக்கணும் யக்கா, இல்லன்னா போய்க்கினே இருக்கும்."

"உன் வாய் மாதிரி."

"சாக்குக்குள்ள அதே சாக்கு இருந்தா அதான் கதி. தொறக்கும், உள்ள அதே சாக்கு, திரும்ப தொறக்கும், திரும்ப அதே. கடைசியில கம்ப்யூட்டர் பேஜாராயி படுத்துடும்."

பிரபாவதி ஜன்னலுக்கு வெளிய பாத்தா. "அந்தாளு ஏன் தேடச் சொல்லல?"

"யாரு?"

"ஜெகதீசன். அவன் கம்பெனியில ஒரு கவரக் காணோம். தேடுங்கடான்னு ஒரு வார்த்தை வரல. கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. அது ஒண்ணுதான் வேணும் அவனுக்கு."

"திமிரு புடிச்ச ஓனரு, வேற இன்னா?"

"பாப்போம்."

*

மரக்காணம் ரோட்டுல இருந்த குடோன் வாசல்லயே நாத்தம் ஆள அடிச்சுது. தென்னரசு மூக்கப் பொத்திக்கினு, "யாரோ செத்துட்டாங்க யக்கா, கேஸ் மாறிடுச்சு"ன்னான்.

"கருவாடு," உள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு. "கடக்கர சரக்கு. நாத்தம் புடிக்காதவன் எதுக்கு உள்ள வர்ற?"

லோடு எறக்கறவங்களுக்கு தலைவன் இருதயராஜ். கையில கொக்கி. பின்னாடி இன்னும் சில பேரு வேலைய நிறுத்திட்டு மொறைச்சுக்கினு நின்னானுங்க.

"ஒரு சாக்கப் பாக்கணும்," பிரபாவதி நம்பரச் சொன்னா.

"ஓனர் போன் பண்ணிட்டாரு. யாரு வந்தாலும் உள்ள வுடாதன்னாரு. கெளம்பு."

"கெளம்பலன்னா?"

"பொம்பளன்னு பாக்கறேன். அந்தப் பையன அப்படிப் பாக்க மாட்டேன்."

"யக்கா, நான் வேணா வெளிய—" தென்னரசு பின்னாடி ரெண்டு அடி வச்சான். வச்சவன் அப்படியே நின்னுட்டான்.

மூலையில ஒருத்தன் கருவாட்டு சாக்க காலி பண்ணிக்கினு இருந்தான். கொட்டி முடிச்சதும் அடியில கைய வுட்டான், ஒரே இழு இழுத்தான். சாக்கு சட்டையக் கழட்டுன மாதிரி உள்பக்கம் வெளிய வந்துடுச்சு. ஒதறிட்டு, அதுல துணி பார்சலப் போட ஆரம்பிச்சான்.

"அத ஏன் அப்படித் திருப்புறாரு?" தென்னரசு கேட்டான்.

"திருப்பாம? கருவாட்டு நாத்தம் உள்பக்கம். அதுலயே துணியப் போட்டா வாங்கறவன் செருப்பால அடிப்பான். வெளிப்பக்கம் சுத்தம். அத உள்ள தள்ளிட்டா சரியாப் போச்சு. எங்கயும் இப்படித்தான் செய்யறோம், விழுப்புரத்துலயும்."

"சாக்கோட பார்கோடு டேக் எங்க தைச்சிருக்கும்?"

"வெளிய."

"திருப்புனா?"

இருதயராஜ் அந்த சாக்கத் திரும்பிப் பாத்தான். தென்னரசு பயத்த மறந்து கத்துனான்.

"உள்ள! யக்கா, டேக் உள்ள போயிடுது! இங்க எறக்கறப்ப சாக்கத் தொறந்து, உள்ள தெரியற பார்கோட எல்லாம் மிஷின்ல அடிப்பாங்க. சாக்கோட சொந்த டேக்கும் உள்ளதான் தொங்குது. அதையும் சேத்து அடிச்சுட்டாங்க. சாக்குக்குள்ள சாக்கு! எவனும் கையால தட்டல. அஸ்வினி ஒண்ணும் பண்ணல!"

"இதத்தான்டா உன்ன மொதல்ல யோசிக்கச் சொன்னேன்," பிரபாவதி இருதயராஜ் பக்கம் திரும்புனா. "சாக்க திருப்புறது ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா புது சாக்கு வாங்கித் தருவாரா? எங்க கூலியிலதான் கை வைப்பாரு."

"அவருக்கு நான் சொல்லணுமா, வேணாமா?"

கொக்கி கீழ எறங்குச்சு. ஆனா மொறைப்பு எறங்கல. "காலி சாக்கெல்லாம் அந்தக் குமியல்ல இருக்கு. நாங்க கை குடுக்க மாட்டோம். நீங்களே தேடிக்கங்க."

குமியலப் பாத்ததும் தென்னரசுக்கு அழுகையே வந்துடுச்சு. பெரிய சாக்குக்குள்ள சுருட்டுன சாக்குங்க. அதுல ஒண்ணப் பிரிச்சா உள்ள இன்னும் சுருட்டுனது. வெறி புடிச்ச மாதிரி பிரிச்சு வீச ஆரம்பிச்சான். கொஞ்ச நேரத்துல எது பாத்தது, எது பாக்காததுன்னு அவனுக்கே தெரியல. லோடு ஆளுங்க சிரிச்சானுங்க.

"பாத்ததயே மறுபடியும் பாக்கறான் பாரு, காலேஜு படிச்ச மவராசன்!"

"டேய்," பிரபாவதி அதட்டுனா. "பஸ்ஸுல வாய் கிழிய சொன்னியே, கையால செய். பெரிசத் தொறந்தபடியே வை. உள்ள இருக்கறத முழுசா முடி. அப்பறம் பெரிசுக்கு திரும்பி வா. முடிஞ்சதுல சாக்பீஸால ஒரு கோடு."

சாக்பீஸ் கெடைச்சுது. இப்ப வேலை ஒழுங்கா நடந்துச்சு. தொற, உள்ள பாரு, சாக்கா, அதையும் தொற, முடிச்சியா, கோடு போடு, திரும்பு. வேர்வையும் கருவாடும் கலந்து, தென்னரசு கிட்ட ஈ கூட யோசிச்சுதான் வந்துச்சு.

மதியம் சோத்துக்கு மணி அடிக்கறப்ப அந்த நம்பர் சாக்கு கையில வந்துச்சு. கைய வுட்டு தொழாவுனான். காலி.

"போச்சு," தரையில ஒக்காந்துட்டான்.

பிரபாவதி சாக்க வாங்குனா. கருவாடு ஏத்துன பழைய உர சாக்கு அது, உள்ள பாலிதீன் வச்சு தைச்சது. திருப்புனதால பாலிதீன் இப்ப வெளிய இருந்துச்சு. அடித் தையல் ஓரமா நெய்வு விட்டுப்போய் ஒரு கிழிசல். கிழிசல் வழியா ரெண்டு வெரல வுட்டா. நெய்வுக்கும் பாலிதீனுக்கும் நடுவுல, சாக்கோட சேந்து சுருண்டு, ஒரு ப்ரௌன் கவரு.

"சாக்குக்குள்ள இல்ல. சாக்கோட தோலுக்குள்ள," தென்னரசு வாயப் பொளந்தான்.

"வீடியோ எடு. கிழிசல்லேந்து எடுக்கறத எடு. கவர் மேல டேப்ப எடு. டேப் மேல ஜெகதீசன் கையெழுத்தும் சீலும் இருக்குல்ல, அத நல்லா கிட்டக்க எடு. பிரியாம இருக்குன்னு தெரியணும்."

தென்னரசு எடுத்து முடிச்சு ஒரு ஆட்டமே போட்டான். அஸ்வினிக்கு போன் போட்டு, "கெடைச்சுடுச்சு, ட்ரெயினுக்கு டிக்கெட் எடு!"ன்னு கத்துனான். போனுக்கு அந்தப் பக்கம் அவ அழுதது லோடு ஆளுங்களுக்கே கேட்டுச்சு.

பிரபாவதி மட்டும் சிரிக்கல. கவர வளைச்சுப் பாத்தா, நீட்டுனா, திரும்ப வளைச்சா.

"இன்னா யக்கா, கண்டுபுடிச்ச சந்தோஷமே இல்லாம?"

"நிக்க வேண்டிய எடம் இது இல்லடா. பஸ் ஏறு."

*

சாயந்தரம் பார்சல் போட வந்த ஜனங்க கவுன்டர்ல நெருக்கியடிச்சுக்கினு நின்னாங்க. ஜெகதீசன் ரூமுக்கு கூப்புட்டாரு. பிரபாவதி போவல. கவுன்டர் மேலயே கவர வச்சா.

கவரப் பாத்ததும் ஜெகதீசன் மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. "பாத்தியா? நான் அனுப்புனேன்னு சொன்னேனா இல்லியா? சீல் கூட பிரியல. இந்தாம்மா, கையெழுத்து போட்டு வாங்கிக்கினு, வீட்ல போய் நிதானமா பிரிச்சுப் பாரு. ட்ரெயினுக்கு நேரமாவுது."

அஸ்வினி பேனாவ எடுத்தா.

"போடாத," பிரபாவதி சொன்னா. எல்லாரும் பாக்க அந்தக் கவர அப்படியே அப்பளம் மாதிரி சுருட்டுனா. சுருண்டுச்சு. கையெடுத்ததும் மெதுவா நிமிந்துச்சு. "சார், லேமினேட் பண்ண சர்ட்டிபிகேட்டு இப்படி சுருளுமா?"

தென்னரசு தலையில அடிச்சுக்கினான். காலையில கிண்டலடிச்சவனே அவன்தான். குடோன்ல அந்தக் கவரு சுருண்டு கெடந்தத ரெண்டு கண்ணால பாத்தவனும் அவன்தான்.

"வழியில மாத்திட்டீங்க!" ஜெகதீசன் கத்துனாரு. "ரெண்டு பேரும் கூட்டு!"

"டேப் மேல உங்க கையெழுத்து. பிரியலன்னு இப்பதான் நீங்களே சொன்னீங்க. அத்தன பேரும் கேட்டாங்க. நீங்களே பிரிங்க."

"நான் ஏன் பிரிக்கணும்?"

"அட பிரிய்யா, இன்னா பயம்?" வரிசையில மல்லாட்டை, அதான் வேர்க்கடல, மூட்டையோட நின்ன திருவாமாத்தூர்காரர் ஒருத்தர் சொன்னாரு. "நாங்களும் உன்ன நம்பித்தான சாமான் போடறோம்?"

வேற வழியில்லாம ஜெகதீசன் பிரிச்சாரு. உள்ள ஒரு கவரு.

"அதுக்கும் இதே வேலைதான் சார்," தென்னரசு சொன்னான். "மொதல்லேந்து."

அதுக்குள்ள இன்னொரு கவரு. அதுக்குள்ள பேப்பருங்க. மல்லாட்டைக்காரர் எட்டி ஒண்ண உருவி வெளிச்சத்துல புடிச்சாரு. "ஜெராக்ஸு!"

பிரபாவதி அஸ்வினி பக்கம் திரும்புனா. "இது ஒழுங்கா உன் கைக்கு வந்திருந்தா நீ கையெழுத்து போட்டு வாங்கியிருப்ப. வீட்டுக்குப் போய் பிரிச்சு, ஒரிஜினல் இல்லன்னு வந்திருந்தா, வாங்கிட்டு பொய் சொல்றான்னு இந்தாளு தொரத்தியிருப்பான். இவனுக்கு சாஃப்ட்வேர் பாக்க வேற ஆளு கெடையாது. வெரிபிகேஷன் போச்சுன்னா நீ இங்கதான கெடந்தாவணும்? அந்தக் கருவாட்டு சாக்கு முழுங்குனதாலதான் நீ தப்பிச்ச."

கவுன்டர் கூட்டம் இப்ப வரிசையா நிக்கல. "எங்க ஊட்டு பத்திரத்த போன மாசம் அனுப்புனேனே, அதுவும் ஜெராக்ஸாதான் போச்சா?"ன்னு ஒருத்தர். "எம்பொண்ணு பாஸ்போர்ட்டு?"ன்னு ஒரு அம்மா. எவனோ கவுன்டர் கதவ ஒதைச்சான். ஜெகதீசன் இடுப்புலேந்து சாவிய எடுத்தாரு.

கவுன்டருக்குப் பின்னாடி இருந்த பீரோ தொறந்துச்சு. அஸ்வினியோட ஃபைல் மேல் தட்டுல இருந்துச்சு. லேமினேட் பண்ண மார்க்‌ஷீட்டுங்க டியூப்லைட் வெளிச்சத்துல பளபளன்னு. அவ ஒவ்வொண்ணா எடுத்து முன்னும் பின்னும் பாத்து மார்போட அணைச்சுக்கினா.

"போலாம்மா, ட்ரெயினு," தென்னரசு சொன்னான்.

அவ போவல. பீரோவையே பாத்துக்கினு இருந்தா. கீழ் தட்டுல வேற ஃபைலுங்க இருந்துச்சு. ஒண்ண எடுத்தா. அதுல ஒரு பொண்ணு போட்டோ, டிகிரி சர்ட்டிபிகேட்டு, மேல பேரு. மலர்விழி.

"அதத் தொடாத!" ஜெகதீசன் கத்துனாரு. "அது உன்னுது இல்ல!"

அஸ்வினி போன எடுத்து, அந்த ஃபைல்ல இருந்த நம்பர அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டா. ரொம்ப நேரம் ரிங் போச்சு. எடுத்ததும் பின்னாடி தையல் மிஷின்ங்க ஓடற சத்தம்.

"மலரக்கா, நான் விழுப்புரம் ஆபீஸ் அஸ்வினி. எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தது நீதான? உன் டிகிரி சர்ட்டிபிகேட்டு பீரோல இருக்குக்கா. இப்ப என் கையில."

மிஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் அதுல ஒண்ணு நின்னுச்சு.

"பார்சல்ல அனுப்பிட்டேன்னு சொன்னானே, பிரிச்சா வெறும் ஜெராக்ஸு," அந்தக் குரல் சொல்லுச்சு. "கேட்டதுக்கு, வாங்கிட்டேன்னு நான் போட்ட கையெழுத்தக் காட்டுனானே. அதில்லாமதான திருப்பூர்ல ஒக்காந்து பனியன் தைச்சுக்கினு கெடக்கறேன்." "அவன் இருக்கானா அங்க?"

"எதிர்லதான் நிக்கறாரு."

"அவன்கிட்ட போனக் குடு."

அஸ்வினி போன நீட்டுனா. ஜெகதீசன் பின்னாடி நகந்தாரு, பீரோ கதவு முதுகுல இடிக்கற வரைக்கும். ஒருத்தர் கூட வழிவிடல.

"குடுத்துட்டியா?" போன் கேட்டுச்சு.